கேரளப் பள்ளிகளில் இயங்குதள மாற்றமும் எழுத்துச் சிக்கல்களும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

கொச்சி மாநகரின் கிழக்குப் பகுதியில் அமைந்த வைட்டிலா, 1967ஆம் ஆண்டு கொச்சி மாநகராட்சி உருவானபோது அதனோடு இணைக்கப்பட்ட ஊராட்சிகளுள் ஒன்றாகும். இங்கிருந்து மேற்கே சென்றால் மட்டாஞ்சேரியையும் கோட்டைக் கொச்சியையும் அடையலாம். போர்ச்சுகீசியர் வசமிருந்த அக்கடற்கரை நகரில்தான் 1579ஆம் ஆண்டு 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் தமிழ் நூல் அச்சேறியது. வைட்டிலாவிற்கு வடக்கே, நெடுஞ்சாலை வழியே சில கல் தொலைவில் உள்ள இடப்பள்ளியில், கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்விக்கான எர்ணாகுளம் மண்டல வளமையம் இயங்கி வருகிறது. தமிழ் எழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்டு நூலான நகரமும், மலையாள எழுத்து ஓர் இயங்குதளத்தினின்று மற்றோர் இயங்குதளத்திற்குப் பெயர்ந்தபோது ஆசிரியர்கள் பயிற்சி பெற்ற இடமும் இவ்வாறு ஒரே வட்டாரத்தில் அமைந்துள்ளன.

கணினியின் உறுப்புகளை ஆள்வதும், பிற மென்பொருள்கள் இயங்குவதற்குக் களமாக அமைவதும் இயங்குதளம் எனப்படும். அதனை மாற்றுவோர் எய்தும் இடர்ப்பாடுகள் பொதுவாகத் தொழில்நுட்பம் சார்ந்தனவாகவே கருதப்படுகின்றன. ஆயின் ஆங்கிலம் அல்லாத மொழிகளைப் பொறுத்தவரை இவ்விடர்ப்பாடுகளின் பெரும்பகுதி மொழி சார்ந்ததாகும். கேரளப் பள்ளிகள் 2001 முதல் 2008 வரையிலான காலத்தில் விண்டோஸ் இயங்குதளத்தினின்று குனு/லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறிய வரலாற்றை முதன்மைச் சான்றாகவும், தமிழ்க் கணிமையின் பட்டறிவை ஒப்பீடாகவும் கொண்டு இக்கருத்தை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

2. கருவி மாற்றமும் எழுத்தும்: முன்னை நிகழ்வுகள்

எழுதும் கருவி மாறும்போதெல்லாம் எழுத்தும் ஒரு சோதனைக்கு உள்ளாகிறது. ஓலையில் புள்ளியிட்டால் ஏடு கிழியும் என்பதால் சுவடிகளில் மெய்யெழுத்துகள் புள்ளியின்றி எழுதப்பட்டன. 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பட்டபோது, முந்திய ஆண்டு கோவாவில் வார்க்கப்பட்ட எழுத்துகள் இருந்தும் கொல்லத்தில் புதிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. ஒரு கருவிக்கென முதலில் ஆக்கப்படும் எழுத்து பயில்வோருக்கு நிறைவளிப்பதில்லை என்பதற்கு இதனைத் தொல்சான்றாகக் கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டில் தட்டச்சுப்பொறி இச்சோதனையை மீண்டும் கொணர்ந்தது. மலையாளத்தின் மரபெழுத்தில் கூட்டெழுத்துகளையும் உகர, ஊகார, ரகரச் சேர்க்கைகளையும் உள்ளடக்கி ஏறத்தாழ 900 வடிவங்கள் உண்டு. இவற்றைத் தட்டச்சின் சில பத்து விசைகளுள் அடக்க இயலாமையின், கேரள அரசு 1971ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் ஒன்றை நடைமுறைப்படுத்தியது. உகர, ஊகாரக் குறியீடுகள் மெய்யினின்று பிரிக்கப்பட்டன. கூட்டெழுத்துகள் பல சந்திரக்கலையிட்டுப் பிரித்தெழுதப்பட்டன. தட்டச்சுக்கென வகுக்கப்பட்ட இவ்வடிவம் பின்னர்ப் பாடநூல்களிலும் இடம்பெற்றது. தமிழில் 1978ஆம் ஆண்டு நிகழ்ந்த சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை முதலிய சில வடிவங்களோடு நின்றது. ஆதலின் தமிழ் எழுத்து கணினிக்குள் புகுந்தபோது அதன் வடிவம் பற்றிய பூசல் பெரிதாக எழவில்லை. மலையாளத்திலோ பழைய வடிவம், புதிய வடிவம் என்னும் இருமை அப்படியே கணினிக்குள்ளும் சென்றது. பின்னாளில் நேர்ந்த இயங்குதள மாற்றத்தில் இவ்விருமை ஆற்றிய பங்கு பெரிது.

3. மாற்றத்தின் வரலாறு

கேரளத்தில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' எனப்படும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம், யு.ஆர். ராவ் தலைமையிலான பணிக்குழுவின் பரிந்துரையை அடியொற்றி 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் பயிற்சியும் பாடநூலும் விண்டோஸையே சார்ந்திருந்தன. அரசுப் பள்ளிப் பாடம் ஒரு தனியார் நிறுவனத்தின் விற்பனைப் பொருளைச் சார்ந்திருத்தல் தகாது என ஆசிரியர் அமைப்புகள், குறிப்பாகக் கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கம், எதிர்ப்புத் தெரிவித்தன. அதே 2001ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் ரிச்சர்டு ஸ்டால்மனால் தொடங்கி வைக்கப்பட்டமையும் இவ்வெதிர்ப்பிற்கு வலுவூட்டியது.

இதன் விளைவாக இரு இயங்குதளங்களுள் ஒன்றைப் பள்ளிகளே தேர்ந்துகொள்ளும் இடைக்கால ஏற்பாடு அமைந்தது. 2006ஆம் ஆண்டிற்குப் பின்னர் அரசின் நிலைப்பாடு கட்டற்ற மென்பொருள் பக்கம் உறுதியாகச் சாய்ந்தது. 2007ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பக் கொள்கையிலும் அது இடம்பெற்றது. 2008ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புக் கணினிச் செய்முறைத் தேர்வு முழுவதும் குனு/லினக்ஸ் தளத்திலேயே நடத்தப்பட்டது. பள்ளிகளுக்கென வடிவமைக்கப்பட்ட இயங்குதளத்திற்குத் தொடக்கத்தில் டெபியனும் பின்னர் உபுண்டுவும் அடிப்படையாயின. இத்திட்டம் 2017ஆம் ஆண்டு 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக மாற்றி அமைக்கப்பட்டது.

சுருங்கக் கூறின் இது வெற்றி பெற்ற மாற்றமாகும். ஆயினும் இவ்வெற்றிக்கு இடையே ஆசிரியரும் மாணவரும் எதிர்கொண்ட இடர்ப்பாடுகள் இயல்பில் வேறுபட்டவை. அவற்றைக் கை, எழுத்து, சொல் என்னும் மூன்று நிலைகளில் வைத்து ஆராய்தல் பொருந்தும்.

4. கை சார்ந்த இடர்ப்பாடு

தட்டச்சு என்பது அறிவால் நினைவுகூரப்படுவதன்று; விரல்களில் படிந்த பழக்கமாகும். விண்டோஸில் மலையாளம் எழுதியோர் தத்தம் எழுத்துரு நிறுவனம் வகுத்த விசைப்பலகை அமைப்பையோ, பழைய தட்டச்சு அமைப்பையோ, ஆங்கில ஒலிபெயர்ப்பு அமைப்பையோ கையாண்டனர். புதிய தளத்தில் பள்ளிகளுக்கு வகுக்கப்பட்டது, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் அமைப்பாகும். உயிர்கள் இடக்கைக்கும் மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கும் ஒதுக்கப்பட்ட இவ்வமைப்பு ஒலியியல் முறைமையை ஒட்டியது. முதன்முறை பயிலும் சிறார்க்கு எளியது. ஏற்கெனவே வேறோர் அமைப்பில் பல்லாண்டு பழகிய ஆசிரியர்க்கோ அது மீண்டும் எழுதப் பழகுவதை ஒத்தது. மாணவன் விரைந்து தட்டச்சிட ஆசிரியர் தயங்கி நிற்கும் நிலை வகுப்பறையின் மதிப்பு முறைமையையே தொடுவது. எனவே இவ்விடர்ப்பாட்டைச் சிறிதெனக் கருதுதல் இயலாது.

தமிழுக்கும் இத்தகைய நிலை நேர்ந்தது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் 'தமிழ் 99' விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. எனினும் பலரும் விண்டோஸில் தமிழ் எழுதத் துணைநின்றது முகுந்த் உருவாக்கிய எ-கலப்பை என்னும் செயலி ஆகும். அது விண்டோஸுக்கென ஆக்கப்பட்டது. லினக்ஸுக்குப் பெயர்ந்தோர், ஸ்கிம், ஐபஸ் போன்ற உள்ளீட்டுக் கருவிகளை நிறுவி, அவற்றுள் தமிழ் அமைப்பைத் தேடித் தேர்ந்து, அதன் நுண்வேறுபாடுகளுக்குக் கையைப் பழக்க வேண்டியிருந்தது. அகரமேறிய மெய்யை அடுத்து அதே மெய் வரின் முன்னதற்குப் புள்ளி தானே விழும் என்பது தமிழ் 99 அமைப்பின் சிறப்புகளுள் ஒன்று. இவ்விதி ஒரு தளத்தில் இயங்கி மற்றொன்றில் இயங்காதாயின், எழுதுவோரின் ஒவ்வொரு சொல்லிலும் பிழை நேரும்.

5. எழுத்து சார்ந்த இடர்ப்பாடு

5.1 எழுத்துருவினுள் மறைந்த குறிமுறை

மூன்று நிலைகளுள் மிகுந்த விளைவுடையது இதுவே. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் இந்திய மொழி ஆவணங்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் இந்திய எழுத்து வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்களால் ஆக்கப்பட்டன. திரையில் மலையாளமாகத் தோன்றுவது கணினியின் உள்ளே பொருளற்ற இலத்தீன் எழுத்துக் கோவையே. அவ்வெழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் மட்டுமே அது மொழியாகும். தளம் மாறியபோது, உரிமம் பெற்ற அவ்வெழுத்துருக்கள் உடன் வரவில்லை. வினாத்தாள்களும் சுற்றறிக்கைகளும் பாடக் குறிப்புகளும் புதிய கணினியில் குறிகளின் குவியலாகக் காட்சியளித்தன. பயன்படுத்துவோர் இதனைப் புதிய இயங்குதளத்தின் குறை என்று எண்ணியது இயல்பே. உண்மையில் பழைய தளம் இதுகாறும் மறைத்து வைத்திருந்த குறையையே புதிய தளம் வெளிப்படுத்தியது.

இக்குறையைத் தீர்க்க முன்வந்தோர் தன்னார்வலர்கள் ஆவர். 2002ஆம் ஆண்டு கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் முளைத்த 'சுதந்திர மலையாளக் கணிமை' அமைப்பினர், பழைய எழுத்துரு ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றும் செயலி ஒன்றை உருவாக்கி, வி.கே.என். படைத்த கதைமாந்தரின் பெயரால் 'பய்யன்ஸ்' என வழங்கினர்.

தமிழில் இந்நிலை இன்னும் சிக்கலுற்றிருந்தது. தனியார் எழுத்துருக்களின் பெருக்கத்தைத் தவிர்க்கத் திஸ்கி, தாம், தாப் எனப் பொதுக் குறிமுறைகள் வகுக்கப்பட்டன. அவையும் இயங்குதளங்களின் உள்ளமைப்போடு மோதின. திஸ்கி முறையில் இகர உயிருக்கு ஒதுக்கப்பட்டிருந்த 173ஆம் இடம், உலகப் பொது வழக்கில் கண்ணுக்குப் புலனாகாத இணைகோட்டிற்கு உரியது. எனவே சில செயலிகளில் 'இது', 'இவர்' முதலிய சொற்கள் தலையெழுத்தை இழந்து நின்றன. இது பற்றியே திஸ்கியின் பிந்தைய பதிப்பில் இகரத்திற்கு மாற்றிடம் ஒன்றும் வகுக்கப்பட்டது.

5.2 தோற்ற வரிசையும் ஒலி வரிசையும்

பழைய குறிமுறைகள் பெரும்பாலும் எழுத்தைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் பதிந்தன. 'கொடி' என்பதில் ஒற்றைக் கொம்பு முதலிலும், ககரம் அடுத்தும், கால் மூன்றாவதாகவும் வரும். தட்டச்சுப்பொறியின் முறையும் இதுவே. ஒருங்குறியோ ஒலி வரிசையைப் பின்பற்றுவது. அதன்படி ககரம் முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் அமையும். கொம்பை மெய்யின் இடப்பக்கத்திற்குக் கொணர்ந்து காட்டுவது இயங்குதளத்தின் கடமையாகிறது. மெய்யை உடலாகவும் உயிரைப் பின்வந்து ஏறுவதாகவும் கொள்ளும் தமிழ் இலக்கண மரபுக்கு இவ்வொலி வரிசையே இயைந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ஆயின் இலக்கணத்திற்கு இயைந்த இம்முறை, இயங்குதளத்தின் எழுத்துக் கோப்புத் திறனை முற்றிலும் சார்ந்திருந்தது. விண்டோஸ் 2000 தமிழுக்கு இத்திறனை வழங்கியது. மலையாளத்திற்கு 2004ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் இணைப்பே வழங்கிற்று. லினக்ஸில் அக்காலத்தே ஒரே எழுத்துக் கோப்புப் பொறி இல்லை. மேசைத்தளத்திற்கு ஏற்பப் பாங்கோ அல்லது கியூட்டியும், அலுவலகச் செயலிக்கு ஐசியூவும் வெவ்வேறாக இயங்கின. எனவே ஒரே சொல் ஒரு சாளரத்தில் செவ்வனே தோன்றி, மற்றொரு சாளரத்தில் கொம்பு இடம் மாறித் தோன்றுதல் கூடும். ஹார்ஃப்பஸ் என்னும் பொதுப் பொறியைப் பல்வேறு செயலிகளும் படிப்படியாக ஏற்றுக்கொண்ட பின்னரே இவ்வேறுபாடு தணிந்தது.

5.3 வடிவமும் சில்லும்

மலையாளத்தில் மட்டும் நேர்ந்த விளைவு ஒன்று தனித்துக் குறிப்பிடத்தக்கது. விண்டோஸுடன் வந்த கார்த்திகா எழுத்துரு 1971ஆம் ஆண்டின் சீர்திருத்த வடிவினது. லினக்ஸில் மலையாளத்திற்குக் கிடைத்த ரசனா, மீரா ஆகிய எழுத்துருக்கள் மரபு வடிவின. ஆர். சித்ரஜகுமார் முதலானோர் 1999ஆம் ஆண்டு தொடங்கிய 'ரசனா' இயக்கம், கணினிக்குத் தட்டச்சின் வரையறை இல்லையாதலின் பழைய எழுத்தைக் கைவிட வேண்டியதில்லை என்று வாதிட்டது. ஒருங்குறியில் பதிந்த ஒரே உரை, ஒரு தளத்தில் பிரித்தெழுதிய புதிய வடிவிலும் மற்றொன்றில் கூட்டெழுத்துகளோடு கூடிய பழைய வடிவிலும் தோன்றியது. பாடநூல்களில் புதிய வடிவத்தைக் கற்ற தலைமுறையினர், தம் பாட்டன்மார் எழுதிய வடிவங்களைக் கணினித் திரையில் கண்டனர். அரசாணையால் ஒதுக்கப்பட்ட வடிவங்கள் மென்பொருள் வழியே மீண்டும் வழக்கிற்கு வந்தன. 2022ஆம் ஆண்டு கேரள அரசு பழைய வடிவங்கள் சிலவற்றை மீண்டும் ஏற்று எழுத்தைச் சீரமைக்க முனைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இரண்டாவது, சில்லெழுத்துப் பற்றிய பூசல். சில்லு என்பது தமிழின் புள்ளி பெற்ற ஒற்றை ஒப்பது. 'அவன்' என்னும் மலையாளச் சொல்லின் இறுதி னகரம், முன்னர் மெய், சந்திரக்கலை, புலனாகா இணைப்புக் குறி ஆகிய மூன்றின் தொடராகப் பதியப்பட்டது. 2008ஆம் ஆண்டு வெளியான ஒருங்குறி 5.1 பதிப்பு, ஆறு சில்லுகளுக்குத் தனித்தனி இடங்களை வழங்கியது. சுதந்திர மலையாளக் கணிமையினர் இதனை எதிர்த்தனர். ஒரே சொல் இருவகையாகப் பதியப்படின் தேடலும் அகரவரிசையும் குலையும் என்பது அவர்தம் வாதம். இணைப்புக் குறியைப் பல செயலிகள் நீக்கிவிடுவதால் ஒற்று உருமாறுகிறது என்பது மறுதரப்பின் வாதம். இருதரப்பின் அச்சமும் மெய்யே. ஒரு தளத்தில் எழுதப்பட்ட 'அவன்' மற்றொரு தளத்தில் தேடியபோது அகப்படாமற் போயிற்று. பள்ளிகள் புதிய தளத்தில் தேர்வு எழுதிய அதே ஆண்டில் இம்மாற்றம் நிகழ்ந்ததால், தளத்தின் குறை எது, குறிமுறையின் குறை எது என ஆசிரியர்களால் பகுத்தறிய இயலவில்லை.

6. சொல் சார்ந்த இடர்ப்பாடு

இயங்குதளத்தின் இடைமுகம் தாய்மொழியில் அமைதல் விரும்பத்தக்கதே. ஆயின் ஒரு தளத்தில் ஒரு சொல்லையும் மற்றொன்றில் வேறொரு சொல்லையும் காண்போர், பொருள் ஒன்றாயினும் இரண்டென மயங்குவர். தமிழில் ஒன்றற்கே 'அடைவு', 'உறை', 'கோப்புறை' என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. 'இயங்குதளம்' என்பதே 'இயக்க அமைப்பு', 'இயக்க முறைமை' எனவும், இலங்கைப் பாடநூல்களில் 'பணிசெயல் முறைமை' எனவும் வழங்குகிறது. தளந்தோறும் தனித்தனிக் குழுவினர் மொழிபெயர்த்தமையின் விளைவு இது.

இச்சிக்கல் கேரளத்தின் தமிழர்க்கும் உரியது. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் பாலக்காட்டு எல்லைப்புறத்திலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. கேரள அரசின் கணினிப் பாடநூல்கள் தமிழிலும் வெளியிடப்படுகின்றன. அங்குப் பயிலும் மாணவன் பாடநூலில் ஒரு கலைச்சொல்லையும், திரையில் ஆங்கிலத்தையோ மலையாளத்தையோ, தமிழ்நாட்டு வெளியீடுகளில் பிறிதொரு சொல்லையும் காணும் நிலை உண்டு. கலைச்சொல் ஒருமைப்பாடு என்னும் பொருள் மாநாட்டுத் தீர்மானங்களில் பேசப்படுவது. இம்மாணவனுக்கோ அது அன்றாடத் தேவையாகும்.

7. ஒப்பீடு

தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் சி. உமாசங்கர் பொறுப்பில் இருந்த காலத்தில், 2007ஆம் ஆண்டையொட்டிச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் பெயர்ந்தது. அதே ஆண்டு சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' இயங்குதளத்தை வெளியிட்டது. 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் ஒருங்கே நிறுவப்பட்டு வழங்கப்பட்டன. இரண்டும் ஒரே கருவியில் இருந்தால் பழகியதையே கை நாடும். பாடநூல், பயிற்சி, தேர்வு ஆகிய மூன்றும் புதிய தளத்தோடு பிணைக்கப்பட்டமையே கேரளத்தின் நிலையை வேறுபடுத்தியது.

செருமனியின் மியூனிக் நகராட்சி 2003ஆம் ஆண்டு லினக்ஸுக்கு மாற முடிவு செய்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி 2013ஆம் ஆண்டு அப்பணியை நிறைவு செய்தது. எனினும் 2017ஆம் ஆண்டு விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. பிற அலுவலகங்களோடு கோப்புகளைப் பகிர்வதில் நேர்ந்த இடர்ப்பாடு அங்கு முறையிடப்பட்ட குறைகளுள் ஒன்று. செருமன் மொழிக்கு எழுத்துச் சிக்கல் ஏதும் இல்லை. அங்கேயே இந்நிலை எனின், எழுத்தே தளந்தோறும் உருமாறிய மொழிகளின் நிலை எத்தகையது என்பது உய்த்துணரத்தக்கது. இருந்தும் கேரளம் பின்வாங்கவில்லை. பெருநகர அலுவலகம் பல்லாண்டுப் பழைய கோப்புகளைச் சுமந்தது; பள்ளியோ ஆண்டுதோறும் புதிய மாணவரைப் பெற்றது. பழைய பழக்கம் இல்லாதவர்க்கு மாற்றம் என்பதே இல்லை. இடர்ப்பாடு முழுவதையும் ஏற்றுச் சுமந்தோர் ஓர் ஆசிரியத் தலைமுறையினரே ஆவர்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, இயங்குதள மாற்றத்தில் மொழிக்கு நேரும் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் புதிய தளத்தால் விளைவன அல்ல. பழைய தளத்தில் மறைந்து கிடந்தவை மாற்றத்தின்போது வெளிப்படுகின்றன. இரண்டாவது, பொதுக் குறிமுறை நிலைபெற்ற பின்னரே மாற்றம் எளிதாகிறது. மூன்றாவது, இவ்வகையில் மலையாளத்தின் சில்லும் தமிழின் கொம்பும் வல்லுநர் குழுக்களுக்கு மட்டும் உரிய பொருள்களாக இராமல், வகுப்பறை ஆசிரியரின் நேரத்தையும் நம்பிக்கையையும் பாதிப்பனவாக அமைந்தன.

தமிழுக்கு இதனால் விளையும் கடமை ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், திஸ்கியில் பதிந்த இலக்கிய நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிக் காத்தது. தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டு கோவைச் செம்மொழி மாநாட்டின்போது ஒருங்குறியைப் பொதுத் தரமாக அறிவித்தது. ஆயின் அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில் தனியார் எழுத்துருக்களில் ஆக்கப்பட்ட ஆய்வேடுகளும் களப்பணிக் குறிப்புகளும் சொல்லடைவுகளும் அனைத்தும் அவ்வாறு மாற்றப்பட்டுவிடவில்லை. அவற்றைத் திறக்கவல்ல கணினிகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. எக்ஸ்பி தளத்திற்கான ஆதரவு 2014ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டமை இதற்கொரு முன்னறிவிப்பு.

ஏடு செல்லரிக்குமுன் அதனைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவது தமிழ் மரபு. சங்க நூல்கள் நிலைபெற்றதும் அவ்வாறே. பெயர்த்தெழுதுவோன் தன் முன்னுள்ள எழுத்தைப் படிக்க அறிந்தவனாக இருத்தல் வேண்டும். பழைய எழுத்துருக்களின் அமைப்பை அறிந்தோர் வாழுங் காலத்திலேயே பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் தத்தம் இருப்பில் உள்ள கோப்புகளைக் கணக்கெடுத்து ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுதல் இன்றியமையாதது.